பெர்மெஸ்ஸோ வரட்டும்...

"கண் என்ன பிடரியிலேயோ கிடக்கு?"

கொட்டுகிற மழையில், மஞ்சள் சேற்றில், ஒரு ஆம்பிளைச் சைக்கிளுக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடி புனிதமலர் கத்தினாள். தமிழில்தான் கத்தினாள். பலெர்மோ நகரத்தின் ஓரத்தில், சியாகுல்லி மந்தரின் ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு நடுவே போகிற தார் போடாத ஒரு கிறவல் பாதையில், காலை ஏழு மணிக்குத் தன்னை இடித்து விழுத்தியவன் சிசிலிக்காரனாகத்தான் இருப்பான், அவனுக்கு எங்கே விளங்கப் போகிறது என்ற துணிச்சல்!

"பிடரியிலை இல்லை... முகத்திலைதான். மழைத்தண்ணி மூடிப் போட்டுது."

ஐயோ... தமிழ்!

மலர் சட்டென்று வாயைப் பொத்தினாள். கையில் இருந்த சேறு முழுக்க முகத்தில் அப்பியது. உரப்பையை வெட்டித் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவன் நின்றான். அவனுடைய சைக்கிள் கரியலில் கட்டியிருந்த பெட்டி உடைந்து மந்தரின்கள் பள்ளத்தை நோக்கி உருண்டுகொண்டிருந்தன. அதைப் பற்றி அவனுக்குக் கவலையே இல்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இமையில் மழைத்துளி தொங்க... சிரிக்கவும் பயந்து, சிரிக்காமல் இருக்கவும் ஏலாமல்... என்ன கண்கள் அவை!

"மன்னிச்சுக் கொள்ளுங்கோ அண்ணை. தமிழ் ஆள் எண்டு தெரியாது."

"தெரிஞ்சிருந்தா என்ன சொல்லியிருப்பீங்கள்?"

"இதைத்தான். கொஞ்சம் மெதுவா."

அவன் சிரித்தே விட்டான்.

ரயில்காரருக்கு வேலை நிறுத்தம் செய்ய வேறு நாளே கிடைக்கவில்லை. அன்றைக்கு ரயில் ஓடியிருந்தால் மலர் வழமைபோலப் பகேரியாவில் போய் இறங்கி, முதலாளியம்மா சிஞ்ஞோராவின் வீட்டில் தரை துடைத்து, மாலையில் திரும்பி வந்திருப்பாள். ஒரு சோலியும் இருந்திருக்காது. சிஞ்ஞோரா ஒரு நாள் லீவுக்கே மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறவள். அதனால் ஒரே வீட்டில் குடியிருந்த விமலராணி அக்காவின் புருஷனுடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு மலர் புறப்பட்டாள். தார் றோட்டில் போகப் பயம். கையில் பெர்மெஸ்ஸோ இல்லை. பெர்மெஸ்ஸோ என்றால் அந்த ஊரில் இருப்பதற்கான அனுமதிப் பத்திரம். அது இல்லாதவளை வழியில் பொலிஸ் மறித்தால் கதை முடிந்தது. தொண்ணூற்றாறாம் ஆண்டு தை மாதம் அது. பேப்பர் இல்லாமல் இருந்தவர்களுக்கு அரசாங்கம் ஒரு கதவைத் திறந்துவிட்டிருந்தது. எல்லாரும் குவெஸ்தூராவில், பொலிஸ் தலைமையகத்தில், விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். மலரும்தான்.

அவன் குந்தியிருந்து அவளுடைய செயினை மாட்டினான். வளைந்த ஹாண்டிலை முழங்காலுக்கிடையில் பிடித்து நிமிர்த்தினான்.

"உதுக்குக் கால் எட்டுதோ உங்களுக்கு?"

"எட்டாட்டி உங்களுக்கென்ன? தூக்கிக்கொண்டு போகப் போறீங்களோ?"

"இல்லை... இனிமேல் உங்களைக் கண்டா மதிலிலை ஏறி நிக்கலாம் எண்டு கேட்டன்."

"ஆளைப் பார்!"

"இந்தப் பக்கம் எண்டா பகேரியாவுக்குத்தானே? அப்ப தார் றோட்டிலை ஏறிடாதேங்கோ. ஃபிக்காராட்சி வளைவிலை கராபினியேரிப் பொலிஸ் நிப்பினம். என்ரை பின்னாலை வாங்கோ. கிறவல் பாதையாலையே கொண்டுபோய் விடுறன். ஒரு தொப்பியும் குறுக்கை வராது."

"உங்களுக்கு வேலையில்லையோ?"

"இருக்கு. மந்தரின் எல்லாம் பள்ளத்திலை கிடக்கு. பிறகு வந்து பொறுக்குவம்."

போகிற வழியில் பேர் கேட்டான். செலஸ்ரீனா, என்றாள். அது பாஸ்போட்டில் இருந்த பேர். கொழும்பில் ஏஜென்ட் தந்த பாஸ்போட். சிசிலியில் இறங்கி இரண்டு வருடமாக அவள் புனிதமலர் என்று ஒருவருக்கும் சொன்னதில்லை. அவன் தன் பேர் றோபேட் என்றான். அதுவும் பொய்தான் என்று மலருக்கு அன்றைக்குத் தெரியாது.

பகேரியா வீட்டின் வாசலில் அவன் மந்தரின் சுற்றுகிற தாள் ஒன்றை எடுத்து, பென்சிலால் பாதையைக் கீறித் தந்தான். மதில் உடைந்த இடம். தண்ணீர்த் தொட்டி. எலுமிச்சைத் தோட்டம். ஒரு இடத்தில் 'நாய் - சங்கிலி இல்லை - பெடலிலிருந்து காலைத் தூக்கவும்'. மலர் அன்று முழுக்க அதை நினைத்து நினைத்துச் சிரித்தாள். சிஞ்ஞோரா, காய்ச்சலோ என்று கேட்டாள்.

அடுத்த நாள் ரயில் ஓடியது. ஆனால் மலர் ரயிலில் போகவில்லை!

வியாழன் பின்னேரமும் ஞாயிறும் வீட்டு வேலைக்காரருக்கு ஓய்வு. தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்ததும் மலர் சைக்கிளை எடுப்பாள். சியாகுல்லிச் சந்தியில் அவன் நிற்பான். பிறகு கிறவல் பாதைதான். வில்லபாத்தேயைத் தாண்டினால் தண்டவாளம் கழற்றிய பழைய ரயில் பாதை ஒன்று மிசில்மேரிப் பக்கம் போகிறது. முழுக்கச் சரளைக் கல். இரண்டு பக்கமும் கள்ளிச்செடி, வெள்ளையாகப் பூத்த வாதுமை, ஆட்டு மணிச் சத்தம். ஊருக்குள் நுழைந்தால் வாசலில் கதிரை போட்டிருக்கிற கிழவிகள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்து, கல்யாணம் எப்போது என்று கையாலேயே கேட்பார்கள். மலர் குனிந்துகொண்டு பெடலை மிதிப்பாள். அவன் மட்டும் எல்லாக் கிழவிக்கும் கை காட்டிக்கொண்டு வருவான்.

"என்னத்துக்கு உப்பிடிக் கை காட்டுறீங்கள்?"

"பதில் சொல்லாமல் போனா மரியாதை இல்லைத்தானே?"

"என்ன பதில்?"

"கெதியிலை எண்டு."

"விசர்!"

பேசுவார்கள், சிரிப்பார்கள், ஓடுவார்கள். இடையில் எப்போதும் ஒரு சைக்கிள் தூரம். அவன் விரல்நுனிகூட அவளில் பட்டதில்லை. டியூப் ஒட்டும்போது பசையைக்கூடக் கல்லின் மேல் வைப்பான், அவள் எடுத்துக்கொள்வாள்.

மாசி மாதம் ஒரு ஞாயிறு மழை பிடித்துக்கொண்டது. ரயில் பாதையில் கூரை பாதி போன பழைய ஸ்டேஷன் ஒன்றில் ஒதுங்கினார்கள். அவன் சரளைக் கல்லைப் பொறுக்கிப் பொறுக்கி மழைக்குள் எறிந்துகொண்டிருந்தான். பகிடி விடாத அவனை மலர் கண்டதில்லை.

"என்ன, நாய் கடிச்சதோ?"

"என்ரை பேர் றோபேட் இல்லை."

மலர் திரும்பிப் பார்த்தாள்.

"மகேந்திரராசா. வீட்டிலை மகேந்திரன் எண்டு கூப்பிடுவினம். கோண்டாவில். நான் வேதக்காரனும் இல்லை, சைவம். றோபேட் எண்ட பேரிலை வந்தனான், அவ்வளவுதான். உம்மட்டைப் பொய் சொல்லிக்கொண்டு திரிய ஏலாமல் கிடக்கு... கோவமெண்டா இப்பவே ஏசிப்போடும்."

'நீங்கள்' போய் 'நீர்' வந்துவிட்டதை இரண்டு பேரும் கவனித்தார்கள். 

"நான் செலஸ்ரீனா இல்லை," என்றாள் அவள் மெதுவாக. "புனிதமலர். வங்காலை. ஆனா நான் வேதக்காரிதான், அதிலை பொய்யில்லை."

அவன் வாயைத் திறந்தபடி இருந்தான். பிறகு இருவருக்கும் சிரிப்பு வந்தது. அப்படி ஒரு சிரிப்பு... கண்ணீர் வருமட்டும். களவு பிடிபட்ட இரண்டு பேர் சிரிக்கிற சிரிப்பு. இவ்வளவு கதைத்தவர்கள், ஏஜென்ட் யார், அந்தப் பேருக்கு முன்னால் தகப்பன் பேராக என்ன கிடக்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லையே! சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிற சந்தோஷத்தில் மற்றப் பேரை மறந்து போனார்கள்.

சிரித்து முடிந்ததும் அவன் வீட்டைப் பற்றிச் சொன்னான். போன ஐப்பசி முடிவில், ஆமி வருகிறான் என்று, ஒரே நாளில் ஊரே எழும்பி நடந்தது. அம்மா இப்போது கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூட வறாந்தாவில் இருக்கிறா. கோண்டாவில் வீட்டில் யார் இருக்கிறார்கள், வீடே இருக்கிறதா, தெரியாது.

"இஞ்சையிருந்து பிடிச்சு அனுப்பினா எனக்குப் போக இடமில்லை, மலர். கொழும்பிலை இறங்கினவுடனை உள்ளுக்கை போட்டிடுவாங்கள். போன வருசம் அனுப்பின பெடியனை இன்னும் தாய் தேடிக்கொண்டு திரியிறா."

"சும்மா இருங்கோ. அப்பிடி ஒண்டும் நடக்காது."

"நடக்காட்டி... என்னைக் கட்டுவீரோ? உங்கடை கோயிலிலையே கட்டலாம். எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. தண்ணி ஊத்துறதெண்டாலும் ஊத்தட்டும். மழையிலை நனையாத ஆளே நான்?"

மலர் ஓம் என்று சொல்ல வாய் திறந்தாள். ஆனால் போன வருடம் விமலராணி அக்காவின் சிநேகிதி ஒருத்தி இப்படித்தான் ஒருவனுக்கு ஓம் சொன்னாள். மூன்றாம் கிழமை அவனைப் பிடித்து அனுப்பிவிட்டார்கள். அவள் இப்போதும் ஞாயிறு பூசையில் கடைசி மர வாங்கில் இருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்...

"பெர்மெஸ்ஸோ வரட்டும்," என்றாள். "ரெண்டு பேருக்கும் வரட்டும். அண்டைக்குச் சொல்லுறன்."

"இப்ப சொன்னா என்ன?"

"சொல்லிப்போட்டு உங்களை அனுப்பி வைக்க என்னாலை ஏலாது. பெர்மெஸ்ஸோ வரட்டும்."

"சரி," என்றான் அவன். "வரட்டும். உம்மடை பதில் என்ன, ஓடியே போகும்?"

பங்குனி போனது. சித்திரை போனது. ஒவ்வொரு ஞாயிறும் அவன் சந்தியில் சைக்கிள் மணியை அடித்து, "வந்திட்டுதோ?" என்பான். "இல்லை," என்பாள். பிறகு கிறவல் பாதை. அவளுக்கும் சொல்ல வேண்டும் போலத்தான் இருக்கும். நாக்கு நுனிவரை வரும். விழுங்கிவிடுவாள்.

வைகாசியில் குவெஸ்தூராவிலிருந்து கடிதம் வந்தது. அவளுக்கும் வந்தது, அவனுக்கும் வந்தது. ஒரே நாள், ஒரே நேரம், ஒரே அறை இலக்கம்.

"பார்த்தீரே! உங்கடை சேசுவும் எங்கடை பிள்ளையாரும் சேர்ந்து கதைச்சுப்போட்டினம்!" அவன் தார் றோட்டின் நடுவில் சைக்கிளில் வட்டம் போட்டான்.

அன்றைக்கு மலர் பச்சைப் பஞ்சாபிச் சுடிதார் உடுத்தாள். விமலராணி அக்காவிடம் வாங்கி மல்லிகை சென்ட் பூசினாள். குவெஸ்தூரா நடைகூடத்து வாங்கில் இருவரும் இடைவெளி விட்டு இருந்தார்கள். ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பார்த்தால் சிரிப்பு வரும். அவன் கைவிரலால் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

கதவு திறந்தது. கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி, நல்ல முகம், இரண்டு கோப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"பிலிப்பு றோபேட்... பிலிப்பு செலஸ்ரீனா."

தாளம் நின்றது.

பிலிப்புவா? இருவருக்குமா? மலர் எழும்பினாள்.  உள்ளே மேசையில் இரண்டு பிறப்புச் சான்றிதழ்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. தகப்பன் பிலிப்பு. தாய் இன்னாசியம்மா. ஊர் பேசாலை. அதிலும் இதிலும். கொழும்பு ஏஜென்ட் பாஸ்போட்டோடு பிறப்புச் சான்றிதழையும் சேர்த்துத்தான் விற்றிருந்தான். ஒரே வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேருடைய பேரையும் வெவ்வேறு மாதத்தில் வெவ்வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டான். அந்த உண்மையான அண்ணனும் தங்கச்சியும் கனடாவில் எங்கேயோ சுகமாக இருப்பார்கள். அவர்கள் நல்லாயிருக்கட்டும்.

"ஒரே தகப்பன், ஒரே தாய்," என்றாள் அதிகாரி இத்தாலியனில், ஆறுதலாக. "ஆனால் இந்த நாட்டில் உறவினர் யாரும் இல்லை என்று இரண்டு பேரும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு விளங்கவில்லை. நீங்கள் சகோதரர்கள் என்றால் இதில் கையெழுத்து வையுங்கள், பெர்மெஸ்ஸோ தயார். இல்லை என்றால் ஒருவருடைய பேப்பர் பொய். இரண்டு கோப்புகளையும் நான் மேலே அனுப்ப வேண்டும்."

மலர் அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். அந்தக் கண்களில் அவன் என்ன செய்யப் போகிறான் என்பது அப்படியே தெரிந்தது. பாவி... சொல்லப் போகிறான்!

"நோ," என்றான் அவன். "இயோ... நான்..."

"ஸீ!" மலர் குறுக்கே விழுந்தாள். "ஸீ, சிஞ்ஞோரா. மியோ ஃபிரதெல்லோ. என் அண்ணன்தான்."

அவள் பேனையைப் பிடுங்கி எடுத்தாள். கையெழுத்து வைத்தாள். பிலிப்பு செலஸ்ரீனா. பேனை தாளைக் கிழித்துவிடும் போல இருந்தது.

"பிறகு ஏன் எழுதவில்லை?"

"சண்டை... வீட்டுச் சண்டை. ரெண்டு வருசமாக் கதைக்கிறேல்லை." எப்படித்தான் அந்தப் பொய் வந்ததோ!

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். தனக்கும் ஒரு தம்பி இருக்கிறான், அவனும் இப்படித்தான் என்றாள். மகேந்திரன் இன்னும் மரம்போல நின்றான். மலர் பேனையை அவன் கையில் திணித்தாள்.

"வையுங்கோ," என்றாள் தமிழில். "உங்கடை அம்மாவுக்காக வையுங்கோ."

வைத்தான்.

"அருமை! இனிச் சண்டை வேண்டாம், ஒரே விலாசத்திலேயே இருக்கலாம்," என்றாள் அந்த நல்ல மனிசி. "அண்ணனுக்கு ஒரு முத்தம் கொடு. என் முன்னால் சமாதானமாகுங்கள்."

அந்த நாட்டு வழக்கம் அது. கன்னத்தில் ஒன்று, மறு கன்னத்தில் ஒன்று. மலர் எம்பி நின்று அவன் கன்னத்தில் தன் கன்னத்தை வைத்தாள். நாலு மாதமாக ஒரு சைக்கிள் தூரம் தள்ளியே வந்தவன். சவர்க்காரமும் மந்தரின் இலையும் மணத்தான்.   இதுதான் முதல் தொடுகை. இப்படியா, கடவுளே... இப்படியா?

"கண் அப்படியே ஒரே மாதிரி," என்றாள் அதிகாரி சந்தோஷமாக, முத்திரையைக் குத்தியபடி.

வெளியே வந்து சைக்கிளை எடுத்தார்கள். இப்போது பெர்மெஸ்ஸோ இருக்கிறது, தார் றோட்டிலேயே போகலாம். போனார்கள். வில்லபாத்தேக்குப் போகிற றோட்டில் கராபினியேரி மறித்தார்கள். இருவரும் நீட்டினார்கள். வாசித்தார்கள், திருப்பிக் கொடுத்தார்கள், போங்கள் என்றார்கள். இதற்காகத்தான் இரண்டு வருடம் பயந்து செத்தது.

சியாகுல்லித் தோட்டம் வந்ததும் மலர் கிறவல் பாதையில் திருப்பினாள். கொஞ்சத் தூரம் போய் இறங்கினாள். மந்தரின் எல்லாம் பறித்து முடிந்த மரங்கள். நல்ல வெயில்.

"நான் நாளைக்குப் போய்ச் சொல்லுறன்," என்றான் அவன். "என்ரை பேப்பர்தான் பொய் எண்டு. உமக்கு ஒண்டும் வராது."

"நீங்கள் என்ரை அண்ணன் எண்டு நான் கையெழுத்து வைச்சிட்டன். இனி நீங்கள் பொய்யெண்டா நானும் பொய்."

"அதுக்காகவோ ஓடிப்போய் வைச்சீர்?"

"ஓம்."

அவன் சைக்கிளைக் கீழே போட்டான். போட்ட சத்தத்தில் மரத்திலிருந்து குருவிகள் எழும்பின.

"அப்ப... பிரான்சுக்குப் போவம்."

"எந்தப் பேரிலை?"

அவன் சைக்கிளைத் தூக்கக் குனிந்தான், தூக்காமலே நிமிர்ந்தான்.

"மலர்... ஒரே விலாசத்திலை இருக்கலாம் எண்டு அந்த மனிசி சொன்னவள். ஒரு வீடு எடுப்பம். ஆர் என்ன சொன்னா என்ன?"

"எந்தச் சாமியார் எங்களைக் கட்டிவைப்பார்? பேப்பர் கேட்பினம், எந்தப் பேப்பரைக் காட்டுறது? நாளைக்கு ஒரு பிள்ளை பிறந்தா, தேப்பன் எண்டு ஆரை எழுதுறது? மாமனையோ?"

அவன் கிறவலில் அப்படியே குந்திவிட்டான். முகத்தை மூடிக்கொண்டு அழுதான். சத்தம் போட்டு அழுதான். மலர் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் பக்கத்தில் குந்தி அழ வேண்டும் போல இருந்தது. குந்தினால் பிறகு எழும்பமாட்டாள் என்று தெரியும். அவனை விட்டுப் போகவேமாட்டாள். நாலு பேர் கேட்பார்கள், ஒருத்தர் போய்ச் சொல்வார், கோப்பு மேலே போகும், இவன் கொழும்பில் இறங்குவான். வேறு எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் கடைசியில் அதுதான் வந்து நின்றது.

"அழாதேங்கோ. கேளுங்கோ."

அவன் நிமிரவில்லை.

"ஞாயிறிலை இனி நான் வரமாட்டன். சந்தியிலை நிக்காதேங்கோ. அதுக்கு முதல் ஒண்டு சொல்லவேணும். அங்கை அந்த மனிசிக்கு முன்னாலை சொன்னது உங்கடை உசிருக்கு. இது என்ரை உசிருக்கு. ஒருக்காத்தான் சொல்லுவன்... என்னைப் பாருங்கோ."

பார்த்தான். மூக்கும் கண்ணும் சிவந்து, சின்னப்பிள்ளை போல.

"எனக்கு உங்களிலை விருப்பம். உரப்பையைப் போட்டுக்கொண்டு மழைக்குள்ளை நிண்டீங்களே, அண்டைக்கே விருப்பம். அந்த ஸ்டேஷனிலை நீங்கள் கேட்கேக்கை ஓம் எண்டுதான் வாய் வந்தது. நான்தான் பொத்தி வைச்சன். பேப்பருக்குப் பயந்து, பெர்மெஸ்ஸோ வரட்டும், வரட்டும் எண்டு..."

 அவள் சைக்கிளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அண்டைக்கே சொல்லியிருக்கலாம், மகேந்திரன். சொல்லியிருந்தா... மாசி, பங்குனி, சித்திரை... மூண்டு மாதமாவது நான் உங்களுக்கெண்டு இருந்திருப்பன். அதையும் நானே இல்லாமப் பண்ணிப்போட்டன்."